லேலண்ட் எட்ஸிட்டி விற்ற முகம்

சின்லி என்ற ஊருக்குத் தெற்கே போகும் மண்சாலையில், சிவப்புப் பாறைகள் முடிந்து புதர்க்காடு தொடங்குகிற இடத்தில் மீசைக்காரரின் கடை இருந்தது. கடைக்காரரின் உண்மைப் பெயர் ஆல்ட்ரெட். அந்தப் பெயரைச் சொல்லி அவரை நவஹோ மக்களில் ஒருவரும் அழைத்ததில்லை. கம்பளி மூட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, மாவும் காப்பித்தூளும் டின்னில் அடைத்த பீச்சுப் பழமும் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அவர் மீசைக்காரர், அவ்வளவுதான்.

அந்தக் கடையில்தான் லேலண்ட் எட்ஸிட்டி வேலை பார்த்தான். மேய்ச்சல் நிலம் கெடுகிறதென்று அரசாங்கம் ஆட்டு மந்தைகளைக் குறைத்த பிறகு அவன் வயதுடைய ஆண்கள் பலர் இரயில்பாதைக்குக் கட்டை போடப் போனார்கள். விடுதிப் பள்ளியில் அடி வாங்கிக் கற்ற ஆங்கிலம் லேலண்டை ஊரிலேயே நிறுத்தியது. கம்பளியை எடை போடுவது, மூட்டை தூக்குவது, வெள்ளைக்காரர்களுக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்வது ஆகியவை அவன் வேலைகள். உலகப்போர் முடிந்து, சுற்றுலாக்காரர்கள் கார்களில் வரத் தொடங்கியதும் இன்னொரு வேலை சேர்ந்தது. கதவருகே, சுற்றினால் சுழலும் ஒரு கம்பித் தட்டை மீசைக்காரர் நிறுத்தினார். அதில் பட அஞ்சலட்டைகளை அடுக்கி வைப்பதும், தீர்ந்த இடத்தை நிரப்புவதும் லேலண்டின் பொறுப்பாயின.

அட்டைகள் நவஹோ வாழ்க்கையைக் காட்டின. அப்படித்தான் அவற்றின் அடியில் அச்சிட்டிருந்தது. ‘நவஹோத் தலைவர்’ என்ற அட்டையில் இருந்தவர் வண்டிச் சக்கரத்தைச் செப்பனிடக் கடைக்கு வந்தவர். தலையில் இருந்த இறகுக் கிரீடம் படம் எடுத்தவனின் பெட்டியிலிருந்து வந்தது. ‘மகிழ்ச்சியான குடும்பம்’ என்ற அட்டையில் கணவனுக்கும் மனைவிக்கும் எந்த உறவும் கிடையாது; தொட்டில் பலகையில் கட்டியிருந்த குழந்தை மூன்றாவது வீட்டுக் குழந்தை. கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களுக்கு எங்கோ ஒரு நகரத்தில் வண்ணம் பூசினார்கள். பூசியவர்கள் செம்மறியாட்டைப் பார்த்திராதவர்கள்போலும். ஆடுகள் இளநீலமாக இருந்தன.

“தலைவரோட வீடு எங்கே இருக்கு?” என்று காரில் வந்த அம்மாள் ஒருத்தி கேட்டாள்.

“மேற்கே. ஆனா இப்போ இருக்க மாட்டார். மறுபடியும் சக்கரம் கழண்டுடுச்சு” என்றான் லேலண்ட், முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல். காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த பெரியவர்கள் குனிந்துகொண்டு குலுங்கினார்கள்.

அந்தக் கோடையில் அதிகமாக விற்றது ஒரு நெசவுக்காரியின் படம். தறிக்குப் பக்கத்தில், உடலைச் சற்றே திருப்பிக்கொண்டு அமர்ந்திருந்த ஒரு பெண்; அகன்ற முகம்; ஒரு புருவம் மட்டும் மேலே ஏறி, படத்துக்கு வெளியே நின்ற யாரையோ திட்டப் போவதுபோல இருந்தது. சுற்றுவட்டாரத்து முகங்களையெல்லாம் அறிந்த லேலண்டுக்கு இந்த முகத்தைத் தெரியவில்லை. மலைக்கு அப்பாலிருந்து வந்தவளாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தான்.

முகம் தெரியவில்லை, தறியில் இருந்த கம்பளம் தெரிந்தது. வண்ணம் பூசியவர்கள் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சையைப் பூசியிருந்தார்கள். ஆயினும் கரையை ஒட்டி இரட்டையாகப் படியேறும் அந்தக் கோடுகள் அவனை உறுத்தின. அது அவன் மாமியாரின் கோலம். இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் அவர் நெய்த கம்பளங்களைச் சுருட்டிக் குதிரையில் வைத்துக் கடைக்குக் கொண்டுவருகிறவன் அவனே. வேறு யாரும் அப்படி நெய்து அவன் பார்த்ததில்லை. ஆகவே இந்தப் பெண் திருடி. திருடியதுமல்லாமல், திருடிய பொருளுக்குப் பக்கத்திலேயே கூச்சமின்றி உட்கார்ந்து படமும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். தட்டை நிரப்பும்போதெல்லாம் லேலண்ட் அந்த முகத்தை முறைத்துப் பார்த்தான். கோடை முழுவதும் பார்த்தான்.

கசப்புநீர்க் குலத்தைச் சேர்ந்த நினபாவை அவன் மணந்து, அவளுடைய தாயின் இருப்பிடத்துக்குக் குடிவந்து, இரண்டு பெண்குழந்தைகளும் பிறந்துவிட்டார்கள். இத்தனை ஆண்டுகளில் மாமியாரின் முகத்தை அவன் பார்த்ததில்லை. அவரும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. நவஹோ வழக்கப்படி, மாமியாரும் மருமகனும் பார்த்துக்கொண்டால் கண் கெடும். கண் கெடுவதற்கு அஞ்சி மட்டும் யாரும் இதைக் கடைப்பிடிக்கவில்லை. அது ஒருவருக்கொருவர் காட்டுகிற மரியாதை. மாமியாரான கசப்புநீர்க் குலத்தம்மாள் காதில் சிறிய வெள்ளி மணி அணிந்திருந்தார். மணியோசை கேட்டால் லேலண்ட் ஆட்டுப்பட்டியின் பின்புறம் போய்விடுவான். அவன் குதிரையின் குளம்படி கேட்டால் அவர் தம் மண்வீடான ஹோகனுக்குள் நுழைந்து கதவுப் போர்வையை இழுத்துவிடுவார். இருவருக்கும் இடையே ஒரு சொல்கூடக் கசந்ததில்லை.

அந்தக் கோடையில் குடும்பம் ஆடுகளோடு மலைமேல் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை லேலண்ட் மாவும் சர்க்கரையும் ஏற்றிக்கொண்டு அங்கே போய்வருவான். ஒரு சனிக்கிழமை, திருட்டுக்குச் சான்றாக அந்த அட்டையில் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

கிளைகளை வேய்ந்த பந்தலின் கீழ் நினபா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“இதக் கொஞ்சம் பாரு. உங்கம்மாவோட கோலத்த ஒருத்தி திருடியிருக்கா” என்று அட்டையை நீட்டினான்.

“யாரு?”

“மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி யாரோ. மூஞ்சியப் பாத்தாலே தெரியல? திருட்டு முழி.”

நினபா எட்டிப் பார்த்தாள். மாவு படிந்த கையாலேயே அட்டையைப் பிடுங்கி, மண்ணில் கவிழ்த்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்தினாள்.

“இத எவ்ளோ நாளாப் பாத்துக்கிட்டிருக்க?”

“கோடை பூரா. ஏன்?”

“சும்மா கண்ணுல பட்டுச்சா, நல்லாப் பாத்தியா?”

“நல்லாத்தான் பாத்தேன். ஒரு புருவத்தத் தூக்கிக்கிட்டு, யாரையோ வையப் போற மாதிரி...”

“என்னையத்தான்” என்றாள் நினபா. “அந்தப் பக்கத்துல நின்னது நான். காப்பி பொங்கி நெருப்புல ஊத்துதுன்னு என்னைய வைய வாயத் தொறந்தாங்க. அப்பதான் அந்த ஆளு படம் எடுத்தான்.”

லேலண்டுக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும், கண்களை இறுக மூடிக்கொண்டான். இனி மூடி என்ன பயன் என்று அவனுக்கே தோன்றியது, இருந்தாலும் திறக்கவில்லை.

“எப்ப எடுத்தான்?”

“போன வருஷம். நீ கம்பளி வண்டியோட கேலப் டவுனுக்குப் போயிருந்த. மீசைக்காரர்தான் அனுப்பி வெச்சார். ஒரு துண்டு வெல்வெட்டும் நாலு டின் பீச்சும் குடுத்தான். அட்டையெல்லாம் கிழக்க போயிரும், கடல் தாண்டிப் போயிரும்னான். அம்மாவுக்கு அப்புறம் வெக்கமாப் போச்சு, உங்கிட்டச் சொல்ல வேணாம்னாங்க.”

“கடைக்கு வர்ற அத்தன பேரும் பாத்திருக்காங்க. ஒருத்தராவது சொல்லக் கூடாதா?”

“உங்கிட்ட வந்து உன் மாமியாரப் பத்தி யாரு பேசுவா? நீ எப்பவும் தட்டுக்கு ஓரமா நிக்கறவன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் அடுக்கறன்னு நெனச்சிருப்பாங்க.”

அது உண்மை. வாங்குகிறவர்களுக்கு வழி விட்டு அவன் ஓரமாகத்தான் நிற்பான். தன் பண்பே தன்னைக் கவிழ்த்ததை எண்ணி அவன் நொந்துகொண்டிருந்தபோது, பட்டிப் பக்கமிருந்து மணியோசை வந்தது.

“அம்மா, வராதீங்க! இவரு இங்க இருக்காரு!” என்று நினபா கூவினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “கெளம்பு. உன் அக்கா வீட்டுக்குப் போ. நான் அம்மாகிட்டச் சொல்லணும். கூப்பிடற வரைக்கும் வராத” என்றாள்.

ரொட்டி தின்னாமலே அவன் மலையிறங்கினான். ஹோகனும் ஆடுகளும் பெண்பிள்ளைகளும் தாய்வழியைச் சேர்ந்தவை. கசப்புநீர்க் குலத்தம்மாள் ‘இனி இந்த மனிதர் வேண்டாம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவனுடைய பொருள்கள் வாசலுக்கு வெளியே வந்துவிடும். அதற்கு மேல் வழக்கும் கிடையாது, வாதமும் கிடையாது.

திங்கட்கிழமை காலையில் கடைக்கு வந்ததும் லேலண்ட் ஒரு வெற்று மாவுச் சாக்கை எடுத்துக் கம்பித் தட்டின்மேல் கவிழ்த்தான். சுற்றுலாக்காரர்கள் சாக்கைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மீசைக்காரர் வந்து சாக்கை எடுத்தார். அவர் உள்ளே போனதும் லேலண்ட் மறுபடியும் கவிழ்த்தான்.

“என்னப்பா, தட்டுக்குக் குளிருதா?” என்றார் மீசைக்காரர்.

லேலண்ட் நடந்ததைச் சொன்னான். மீசைக்காரர் அங்கே நீண்ட காலம் வாழ்ந்தவர், சிரிக்கவில்லை. ஆனால் தலையைச் சொறிந்தார்.

“இப்பதான் ஒரு பெட்டி முழுக்க வாங்கிப் போட்டிருக்கேன். இருக்கறதுல இதுதான் ஓடுது. வெறும் காகிதம்தானே? வேணும்னா இந்தத் தட்டுல இருக்கறத மட்டும் அடுப்புல போட்டுடறேன், போதுமா?”

அவர் கை அட்டைகளை நோக்கி நீண்டதுமே லேலண்ட் அதைப் பிடித்துக்கொண்டான். “உசுரோட இருக்கறவங்க மூஞ்சி அது. நெருப்புல போடலாமா? கிழிக்கவும் கூடாது.”

“எரிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, விக்கக் கூடாது, பாக்கவும் கூடாது. பின்ன என்னதான் செய்யறது?”

லேலண்ட் சாக்கின் ஓரத்தை இழுத்துவிட்டான். சாக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த வாரம் காற்று பலமாக வீசியது. கண்ணில் மண்துகள் விழுந்தபோதெல்லாம், தொடங்கிவிட்டது என்று லேலண்ட் நினைத்தான். தொலைவில் இருந்த காற்றாலையின் இறக்கைகளை ஒரு கண்ணை மூடி எண்ணுவான். பிறகு மற்றக் கண்ணை மூடி எண்ணுவான். மீசைக்காரர் ஒரு புட்டி கண்மருந்தை அவன் பக்கம் தள்ளி வைத்தார்.

இந்த நிலையில் ஹோஸ்டீன் நெஸ் வந்து சேர்ந்தார். அவர் மாமியாரின் தமையன், நினபாவின் தாய்மாமன். நெட்டையானவர், கேலி செய்யாமல் ஒரு வாய் காப்பியும் குடிக்கத் தெரியாதவர். நினபாவின் வீட்டில் எந்த முடிவும் அவரைக் கேட்காமல் நடக்காது. குதிரையைவிட்டு இறங்கியதும் லேலண்டின் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினார்.

“மாப்ள, அந்த மேட்டுல என்ன நிக்குது?”

“ஆடு, மாமா.”

“வெள்ளாடா, செம்மறியா?”

“ரெண்டு வெள்ளாடு. மிச்சம் செம்மறி.”

“என்ன நெறம்?”

“வெள்ளை.”

“நல்லது. நீலம்னு சொல்லுவியோன்னு பயந்தேன்” என்று சொல்லிவிட்டு, கதவருகே போய்ச் சாக்கைத் தூக்கினார். “எங்க அந்த அட்டை? என் தங்கச்சிய நான் பாக்கலாமில்ல? ம்... நல்லாத்தான் இருக்கா. இதுக்குத் திருட்டு முழின்னா சொன்ன?”

லேலண்டுக்குக் காது சிவந்தது. “அதையும் சொல்லிட்டாளா நினபா?”

“மலை பூரா சொல்லிச் சிரிச்சாச்சு. என் தங்கச்சி மட்டும்தான் சிரிக்கல.” நெஸ் சாக்கைக் கவிழ்த்துவிட்டு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். “கேளு. தறியில பாதி நெய்ஞ்சது அப்படியே கெடக்கு. ‘நான்தான் போயி உக்காந்தேன், நான்தான் அவர் கண்ணுக்கு வெனை வெச்சேன்’னு பொலம்பறா. வெல்வெட்ட எடுத்து ஒரு பொதருல போட்டுட்டா. நீ என்னடான்னா இங்க உக்காந்துக்கிட்டு, நீதான் தப்பு செஞ்சன்னு காத்தாடி எறக்கைய எண்ணிக்கிட்டிருக்க.”

“என்னைய வர வேணாம்னு சொல்லிட்டாங்களா, மாமா?”

“இன்னும் சொல்லல. சொல்ல மாட்டான்னும் நான் சொல்லல. ‘தெனம் காலைல போயி என் மூஞ்சி முன்னாடி நிக்கறவர், சாயங்காலம் எப்படி என் வாசலுக்கு வருவார்?’னு கேக்கறா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. உங்கிட்ட இருக்கா?”

நெஸ் ஒரு டின் தக்காளியைத் திறந்து அங்கேயே குடித்துவிட்டுப் போனார்.

சில நாள்கள் சென்றன. லேலண்ட் அலமாரியில் டின்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வெளியே வண்டி நின்றது. அதைத் தொடர்ந்து மணியோசை கேட்டது. அவன் ஒரே தாவில் மாவு மூட்டைகளின் பின்னால் போய் உட்கார்ந்தான். அங்கே கடைப்பூனை உறங்கிக்கொண்டிருந்தது.

கசப்புநீர்க் குலத்தம்மாள் கடைக்கு வருவது ஆண்டுக்கு ஓரிரு முறைதான். அதுவும் லேலண்ட் இல்லாத நாள் பார்த்து வருவார். இன்றைக்கு அவன் இருக்கும் நாள் பார்த்து வந்திருந்தார். நினபா கூட வந்தாள்.

“மீசை, அந்த அட்டையெல்லாம் எடுத்துடு” என்றார் அவர்.

மீசைக்காரருக்கு நம் மொழி கடைக்கு வேண்டிய அளவு தெரியும். “அட்டை நல்லாப் போகுது. நெறையப் போகுது. எடுத்தா எனக்கு நட்டம்” என்றார்.

அம்மாள் குரலை உயர்த்தினார். குரல் மீசைக்காரரை நோக்கி வரவில்லை.

“பூனை எங்க இருக்கு? மூட்டைக்குப் பின்னாலயா? பூனை, நான் சொல்றதக் கேட்டுக்க. இந்தக் கடைல ஒரு நல்ல மனுஷன் வேல பாக்கறார். என் வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒரு நாள்கூட என் நிழல மிதிச்சதில்ல. நான்தான் ஒரு துண்டு வெல்வெட்டுக்கு மூஞ்சிய வித்தேன். அவர்மேல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா அந்த மூஞ்சி இந்தக் கம்பில தொங்கற வரைக்கும் அவர் என் வாசலுக்கு வர முடியாது. மரியாதைன்னு ஒண்ணு பாக்கி இருக்கணுமில்ல?”

மூட்டைகளின் பின்னாலிருந்து லேலண்ட் பூனையின் முதுகைத் தடவினான்.

“பூனை, அப்படின்னா அந்த மனுஷன் இன்னையோட கடைய விட்டுடறார்னு சொல்லு. ரயில் வேலைக்குப் போறார்.”

மீசைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மாள் முந்திக்கொண்டார்.

“இந்தப் பூனைக்கு மூளையே இல்ல! ரயிலுக்குப் போனா பொம்பளப் பிள்ளைங்க அப்பன் மூஞ்சிய எப்பப் பாக்கறது? நான் ஒருத்தி பாக்காம இருக்கறது போதாதா?”

நினபா சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டாள்.

“அப்ப பூனை என்னதான் செய்யட்டும்?” என்றான் லேலண்ட்.

“யோசிக்கட்டும். எனக்கு ஒண்ணு புரியல, பூனை. இந்த மீசை விக்கறது கம்பளம். தறியில இருக்கறதும் கம்பளம். அந்தப் படத்துல என் மூஞ்சி பாதிய மறைக்குது, முழங்கை மிச்சத்த மறைக்குது. போதாக்குறைக்குப் பச்சையப் பூசி வெச்சிருக்காங்க. இதப் பாத்து யாராவது கம்பளம் வாங்குவாங்களா? மூஞ்சிய வாங்கிக்கிட்டுப் போறாங்க. மூஞ்சிக்கு அஞ்சு காசு. கம்பளத்துக்கு என்ன வெலைன்னு மீசையக் கேளு.”

இதை லேலண்ட் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டியிருக்கவில்லை. மீசைக்காரர் சாக்கைத் தூக்கி, அட்டை ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

“உண்மைதான். கம்பளமே தெரியல” என்றார் மெல்ல.

“முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்தா முழுசாத் தெரியுமே” என்றது மூட்டைப் பக்கத்துக் குரல். “முதுகுக்குப் பின்னாடி நின்னு எடுக்கட்டும். நெசவும் தெரியும், கையும் தெரியும். வேற எதுவும் தெரியாது.”

அம்மாள், “பூனைக்கு மூளை கொஞ்சம் இருக்கு” என்றார்.

பேச்சு முடிவாயிற்று. படம் எடுக்கிறவன் வரும்போது பழைய பெட்டியை அவனோடு திருப்பி அனுப்பிவிட வேண்டும். புதிய படத்தை எடுக்க வேண்டும். பச்சைக்குப் பதில் சிவப்பைப் பூசச் சொல்ல வேண்டும். புதிய அட்டை வந்து, அதை நினபா முதலில் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே லேலண்ட் வீட்டுக்கு வரலாம். அதுவரை அவன் அக்கா வீட்டிலேயே இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை அம்மாள் பூனைக்கு இரண்டு முறை சொன்னார்.

இலையுதிர் காலத்தில், ஆட்டுக்குட்டிகளை விற்று முடித்த சமயத்தில், கண்ணாடி அணிந்த மெலிந்த மனிதனான படம் எடுக்கிறவன் தன் காரில் வந்தான். அதற்குள் மந்தை மலையிலிருந்து இறங்கியிருந்தது. தறியை ஹோகனுக்கு வெளியே வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். லேலண்ட் இல்லாமல் பேச்சை மாற்றிச் சொல்ல ஆளில்லை. ஆகவே அவன் காருக்கு அப்பால், தறிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். காரின் பக்கத்துக் கண்ணாடியில் அந்த இடம் முழுவதும் தெரிவதை முதலில் கவனித்தவன் அவன்தான். உடனே குனிந்து, ஒரு பிடி மண்ணை எடுத்துத் காரில் தொங்கிய தண்ணீர்ப் பையிலிருந்து நனைத்து, கண்ணாடியின்மேல் அப்பினான்.

“என் காரை என்ன செய்கிறாய்?” என்று கேட்டான் படம் எடுக்கிறவன்.

“வெயில் கூசுது” என்றான் லேலண்ட்.

“முதுகை யாரப்பா வாங்குவார்கள்? கொஞ்சம் திரும்பச் சொல். கன்னம் தெரிந்தால் போதும்.”

“நினபா, உங்கம்மாவ இவன் கன்னத்தக் காட்டச் சொல்றான்.”

“அவனோட கன்னத்த முதல்ல இங்க கொண்டாரச் சொல்லு” என்று தறிப் பக்கமிருந்து பதில் வந்தது. நெஸ் வண்டியில் சாய்ந்துகொண்டு சத்தமாகச் சிரித்தார்.

“முடியாதாம்” என்றான் லேலண்ட் ஆங்கிலத்தில்.

படம் எடுக்கிறவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு, அம்மாளின் பின்னால் போய் நின்று மூன்று படங்கள் எடுத்தான். கூலியாக என்ன வேண்டும் என்று கேட்டான். துணியும் வேண்டாம், பீச்சும் வேண்டாம், பழைய பெட்டி காரில் ஏறினால் போதும் என்று நினபா சொன்னாள். பெட்டியை ஏற்றியவன் லேலண்ட். மூடியின்மேல் கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கட்டினான்.

குளிர்காலம் நீளமாக இருந்தது. சனிக்கிழமைகளில் நினபா பெண்பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துவருவாள். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து டின் பழம் தின்பார்கள். சின்னவள் ஒருமுறை, “அப்பா, எப்ப வீட்டுக்கு வருவ?” என்று கேட்டாள். “அஞ்சல் வண்டி வரட்டும்” என்றான் லேலண்ட். அதன் பிறகு அஞ்சல் வண்டி வரும்போதெல்லாம் முதலில் வெளியே ஓடியவர் மீசைக்காரர். அவருக்குப் புதிய அட்டை வேண்டும். கூடவே, கடையிலேயே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிற ஆளை வீட்டுக்கு அனுப்பவும் வேண்டும்.

பனி உருகிச் சாலை சேறாக இருந்த ஒரு நாளில் பெட்டி வந்தது. லேலண்ட் அதைத் தொடவில்லை. நினபாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினான். அவள் மறுநாள் முழங்கால்வரை சேற்றோடு வந்து, கத்தியால் கயிற்றை அறுத்து, அவன் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு ஓர் அட்டையை எடுத்தாள். மேலும் கீழும் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள்.

“அடில என்னமோ எழுதியிருக்கு. மீசை, படிங்க.”

“தறியில் நவஹோ மணப்பெண்” என்று படித்தார் மீசைக்காரர்.

நினபா வாயைப் பொத்திக்கொண்டாள். “இத நெஸ் மாமாகிட்டச் சொல்லாதீங்க. அம்மாவ உயிரோட விட மாட்டார்.” பிறகு அட்டையை லேலண்டின் பக்கம் நீட்டினாள். “பாக்கலாம். ஒண்ணுமில்ல.”

அவன் உடனே வாங்கவில்லை. “முதுகப் பாத்தா பரவால்லியா?”

“முதுகத்தான் இத்தன வருஷமாப் பாத்துக்கிட்டிருக்க. புதுசா என்ன?”

லேலண்ட் பார்த்தான். கம்பளம் சிவப்பாகவே இருந்தது. படிகள் இரட்டையாகக் கரையோரம் ஏறிச் சென்றன. அதன் முன்னால், வெள்ளை நூல் சுற்றிய கொண்டை. இடத்தோளைவிடச் சற்றே இறங்கிய வலத்தோள். நேராக நிமிர்ந்த முதுகு. புதரைத் தாண்டி விரைகிற அந்த முதுகு. வண்டியின் முன்பலகையில் மகளுக்குப் பக்கத்தில் அமர்ந்து தொலைவில் சிறுத்துக்கொண்டே போகிற அந்த முதுகு. போன கோடையில் ஒரு முகத்தை அவ்வளவு நாள் பார்த்தும் யாரென்று தெரியாமல் நின்றவனுக்கு, இப்போது ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை.

“இவங்களா? இவங்கள எங்க பாத்தாலும் கண்டுபிடிப்பேனே” என்றான்.

“அப்ப கெளம்பு” என்றாள் நினபா. “மாவு ஒரு மூட்டை எடுத்துக்க. தீந்துபோச்சு.”

அட்டைகளைத் தட்டில் அடுக்கும் வேலையை அன்று மீசைக்காரரே செய்தார்.

அவர்கள் இருப்பிடத்துக்கு வந்து சேர்ந்தபோது முற்றத்தில் யாரும் இல்லை. மாமியாரின் ஹோகன் கதவில் போர்வை இறங்கியிருந்தது. பட்டியில் ஆடுகள் அடைபட்டிருந்தன. நினபாவின் ஹோகனுக்குள் நெருப்பு மூட்டியிருந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு மூடிவைத்திருந்தது. காப்பியை அப்போதுதான் கோப்பையில் ஊற்றியிருக்க வேண்டும், ஆவி பறந்தது. சர்க்கரை, அவனுக்கு வேண்டிய அளவு, ஏற்கெனவே போட்டுக் கலக்கியிருந்தது. லேலண்ட் மாவு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, உட்கார்ந்து குடித்தான்.